நாலாம் நம்பர் ஸ்லைடு

காங்கா வாங்க வருகிற பெண்கள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் துணியை விரித்து, கீழ்க்கரையில் அச்சடித்திருக்கிற வரியைப் படிப்பார்கள். மாமியாருக்கு ஒரு வரி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு வரி, வெளியூர் போனால் திரும்பி வர மறக்கிற புருஷனுக்கு ஒரு வரி. வாயால் சொன்னால் சண்டை. இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் யார் என்ன கேட்க முடியும்? கடலோரத்திலிருந்து இந்த ஏரிக்கரைக்கு மூட்டை தூக்கி வந்தவர் என் தகப்பனார். பேரம் பேசுகிற சத்தத்தில்தான் நான் தூங்கிப் பழகினேன். இசெங்கா ஊரில் எந்த வீட்டில் என்ன புகைச்சல் என்பது பாதிரியாருக்கும் இமாமுக்கும் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். எந்த வரி விற்கிறது என்று பார்த்தால் போதும்.

ஒரே ஒரு கட்டுதான் என்னைக் கவிழ்த்தது. மாம்பழ மஞ்சளில் முந்திரிக்கொட்டை அச்சு, சாயம் போகாத துணி. ஆனால் கரையில் ‘இப்போது கேள்’ என்று இருந்தது. எந்தப் பெண் தன்னைக் கேள்வி கேட்கச் சொல்லித் தெருவில் நடப்பாள்? விலையை இறக்கிப் பார்த்தேன். தலைத்துண்டு இலவசம் என்றேன். அசையவில்லை. மேல்தட்டில் ஏற்றிவிட்டு மறந்துவிட்டேன்.

என் கடைக்கு அடுத்த கதவு மஃபுருவின் லேப். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேஜை, ரத்தம் கொடுப்பவர் உட்கார ஒரு நாற்காலி. வாசலில் கொசுப் படம் போட்ட பலகை. மஃபுருவுக்குக் கை லேசு. அவன் ஊசி குத்தினால் குழந்தை அழுவதற்குப் பதில் அவன் முகத்தைப் பார்க்கும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். மழைக்காலம் வந்தால் ஊரே காய்ச்சலோடு அவன் நாற்காலியில் வந்து விழும். மலேரியாச் சோதனைதான் அவன் அடுப்பை எரித்தது. அதை எடுத்துவிட்டால் அந்த லேப் ஒரு நாற்காலி போட்ட அறை, அவ்வளவுதான்.

அவன் மனைவி கொன்சொலாத்தா, மேட்டின் மேல் இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரியில் லேப் தலைவி. ஒரே மகள் துமா, முசோமாவில் விடுதிப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவன் அவளைத் துமாம்மா என்பான், அவள் அவனைத் துமாப்பா என்பாள். நான் மனைவியை இழந்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அந்த வீட்டில்தான்.

கொன்சொலாத்தாவைப் பார்த்து ஊர் சிரித்த காலம் உண்டு. காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நோயாளி பக்கம் திரும்ப மாட்டாள். ஃப்ரிட்ஜுக்குக் காய்ச்சல் பார்ப்பாள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். கதவில் அளவைக் குறிக்க நூல் கட்டிய பென்சில் தொங்கும்.

“ஏம்மா, ஃப்ரிட்ஜுக்கு ஜன்னி கண்டிருக்கா?” என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“கரண்ட் போனா மருந்து கெட்டுடும் அண்ணே. மருந்து கெட்டா முடிவு கெட்டுடும். முடிவு கெட்டா நீங்க கெட்டுடுவீங்க. உங்களுக்கு முன்னாடி அதுக்குத்தான் பார்க்கணும்.”

அடுத்தது சர்க்கரை பார்க்கிற இயந்திரத்துக்குச் சோதனை. என்ன வரும் என்று ஏற்கெனவே தெரிந்த திரவத்தை விட்டு, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பாள். தப்பாகச் சொன்னால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் இயந்திரத்தை மூடிவிடுவாள். ஊர் அதற்கும் சிரித்தது, இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. துணி டேப் இழுக்க இழுக்க நீளும். நீண்ட டேப்பால் அளந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. என் தகப்பனார் கடை திறந்ததும் டேப்பைப் பித்தளைக் கம்பியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாடிக்கையாளருக்கு வாய் திறப்பார். இந்தப் பெண் நம்ம ஜாதி என்று அன்றைக்கே நினைத்தேன்.

அப்படி இன்னொருத்தியையும் நான் சந்தித்தேன். பெயர் அனெத்தி. தலைநகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். குட்டையான உடம்பு, தோளில் பெரிய பை, கோழிக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்த நாற்றம். என் கடையில் ஜன்னல் திரைக்குத் துணி கேட்டாள். நான் அளந்து கொடுத்தேன். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அங்கேயே மறுபடி அளந்தாள்.

“என்னை நம்பலையா, அக்கா?”

“உங்களை நம்பறேன். உங்க டேப் எனக்குப் புதுசு.”

சரியாக இருந்தது. அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நான் அவளிடம் அதிகம் பேரம் பேசவில்லை, வாய் கூசியது.

அவள் வேலை என்னவென்று பிறகு தெரிந்தது. நாடு முழுக்க இருக்கிற லேப்புகளுக்கு ரகசிய ரத்தம் அனுப்புவாள். ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தம், ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் மட்டும் போட்டிருக்கும். மலேரியாக் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. சாயம் ஏற்றிப் பார்த்து விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். முன்பு எங்கள் பக்கத்தில் லேப் சொன்னதே வேதம். அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. இவள்தான் அந்தக் கேள்வியைப் பெட்டியில் அடைத்து, பஸ் கூரையில் கட்டி, ஊர் ஊராக அனுப்ப ஆரம்பித்தாள்.

முதல் பெட்டி வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்க்காரர்களாகவே நடந்துகொண்டார்கள். இங்கே விடிந்ததும் டகா மீன் வியாபாரிகள் கரையில் கூடி அன்றைய விலையைப் பேசி வைத்துக்கொள்வார்கள். அடுத்தவனைக் கேட்காமல் விலை சொல்கிறவனைத் திமிர் பிடித்தவன் என்போம். அதே மரியாதைப்படி மஃபுரு, கொன்சொலாத்தாவிடம் கேட்டான். அவள் தான் பார்த்ததைச் சொன்னாள். அவன் அதை சர்ச் பக்கத்தில் லேப் வைத்திருக்கிற தியோனீசியிடம் சொன்னான். தியோனீசி, பஸ் நிலையத்து லுகும்பாவிடம் சொன்னான். நான்கு லேப்பும் ஒரே விடையை அனுப்பின. மூன்றாம் நம்பரில் கிருமி இல்லை என்று நால்வரும் எழுதியிருந்தார்கள். இருந்தது.

அனெத்தி நேரில் வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நால்வரையும் உட்கார வைத்துப் பேசினாள். தேநீர் கொண்டுவந்தவனோடு நானும் சும்மா போய் நின்றேன்.

“ஒருத்தர் தப்பு பண்ணா அது தப்பு,” என்றாள். “நாலு பேரும் ஒரே தப்பைப் பண்ணா அது சிநேகிதம். நான் சிநேகிதத்தைச் சோதிக்க வரலை.”

எனக்கு உடனே புரிந்தது. அச்சுக்கட்டையில் ஓர் எழுத்து உடைந்தால் மூட்டையில் இருக்கிற எல்லாத் துணியிலும் அதே எழுத்துதான் இல்லாமல் போகும். எல்லாம் ஒரே கட்டையில் அடித்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களில் முதலில் பேசியவள் கொன்சொலாத்தா. “மூணாம் நம்பர் என் தப்பு மேடம். இவங்க மூணு பேரும் வாங்கினது என் சரக்கு.”

“அப்ப உங்களோட ஒரு தப்புதான் எனக்குத் தெரியும். மத்த மூணு பேர் கண்ணு நல்லதா கெட்டதான்னு இன்னும் எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்,” என்றாள் அனெத்தி. பிறகு நிபந்தனை சொன்னாள். அடுத்த பெட்டியில் தவறினால் தனியார் லேப்பில் மலேரியாச் சோதனை நிறுத்தம். கொசுப் பலகை இறங்கும். மறுபடி பயிற்சி எடுத்து, தேறி வந்த பிறகுதான் ஏறும். ஆஸ்பத்திரியை மூட முடியாது. அங்கே ஒன்றுக்கு மேல் தவறினால் வெளியாள் வந்து உட்காருவார், கொன்சொலாத்தா அவருக்குக் கீழே.

இரண்டாவது பெட்டி பெருமழையோடு வந்தது. தெருவெல்லாம் சேறு. ஏரியிலிருந்து ஈக்கூட்டம் கறுப்புப் புகை போல எழுந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. மஃபுருவின் நாற்காலி காலியாகவே இல்லை. அந்த ஞாயிறு நான் சாப்பிடப் போனபோது உகாலிக் களி ஆவி பறக்க நடுவில் இருந்தது. தக்காளி போட்டு வதக்கிய டகா, கீரை. மஃபுரு கையைக் கழுவிவிட்டு உகாலியைப் பிட்டு உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான்.

“துமாம்மா.”

“ம்.”

“நாலாம் நம்பர் பார்த்தியா?”

“பார்த்தாச்சு.”

“எனக்கு அதுல புள்ளி புள்ளியா என்னமோ தெரியுது. கிருமி மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.”

“அப்படியா. அண்ணே, கீரை வச்சுக்குங்க.”

“உனக்கு என்ன தெரிஞ்சுது?”

“கீரையில உப்பு கம்மின்னு தெரிஞ்சுது.”

மஃபுரு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “நெசமாவே சொல்ல மாட்டியா?”

“மாட்டேன்.”

“நான் என்ன தெருவுல போறவனா? உன் புருஷன்டி.”

“புருஷன்கிறதாலதான் போன தடவை சொன்னேன். சொல்லி உங்களைத் தலைகுனிய வச்சேன். அந்த ஸ்லைடு என் கண்ணைக் கேக்கலை துமாப்பா. உங்க கண்ணைக் கேக்குது.”

“பலகையை இறக்கிட்டாங்கன்னா? துமா படிப்புக்கு என்ன பண்ணுவோம்? உன் சம்பளம் மழையில நனைஞ்ச வெல்லம் மாதிரி, மாசம் முடியறதுக்குள்ள கரைஞ்சுடுது.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்ல மாட்டே.”

“நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டு வருவாங்க. அந்த ரத்தத்தைப் பார்த்து எனக்குப் போன் பண்ணி கேப்பீங்களா? அந்தப் புள்ள ரத்தம் உங்ககிட்ட மட்டும்தானே இருக்கும்?”

மஃபுரு உருட்டிய உகாலியைத் தட்டில் வைத்தான். “அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. எந்த ஊர்லயாவது பொண்டாட்டி இப்படி இருப்பாளா?”

நான் துணி வியாபாரி. இரண்டு பக்கமும் எனக்கு வாடிக்கை. “டகா நல்லா வதங்கியிருக்கு” என்றேன்.

மறுநாள் காலை கடை திறப்பதற்குள் மஃபுரு வந்து நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது. கட்டுக்கட்டாகப் பிரிக்க வைத்துக் கடைசியில் ஒன்றைப் பிடித்தான். கத்தரிப்பூ நிறம். கரையில் ‘என்னிடம் கூடவா ரகசியம்?’ என்று இருந்தது.

“இதைக் கட்டில்ல வச்சுட்டு வந்துடறேன். பார்த்து வெக்கப்படட்டும்.”

“தம்பி, யோசிச்சு வாங்கு. வித்த காங்காவை நான் திரும்ப எடுக்கறதில்லை.”

கேட்கவில்லை. பேரம் கூடப் பேசவில்லை, அவ்வளவு கோபம். ஆனால் ஆம்பளைகளுக்குக் காங்கா சாஸ்திரம் தெரியாது. யார் வாங்கினாலும், எழுதியிருக்கிற வார்த்தை கட்டியவளுடையது. மறுநாள் கொன்சொலாத்தா அந்தக் கத்தரிப்பூ நிறத்தை இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மழையில் குடை பிடித்து, கடைத்தெரு நடுவாக மேட்டுக்கு நடந்து போனாள். ‘என்னிடம் கூடவா ரகசியம்?’ இப்போது கேட்பது அவள். ஊரே மஃபுருவைத் திரும்பிப் பார்த்தது. மீன்காரி ஒருத்தி லேப் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள்.

“ஏன் மஃபுரு, யாருய்யா அது? எந்த ஊர்ப் பொண்ணு?”

“ஐயோ, நான் இல்லை! அவதான் என்கிட்ட மறைக்கறா!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது. ஊர் மஃபுரு பக்கம். புருஷன் பிழைப்பு போகிறபோது ஒரு நம்பரைச் சொல்லாதவள் என்ன பெண் என்று டீக்கடையில் பேசினார்கள். கொன்சொலாத்தாவின் காதிலும் அது விழுந்திருக்கும். நடை மாறவில்லை, குடைதான் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

அதே டீக்கடையில் தியோனீசியும் லுகும்பாவும் மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் நனைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தார்கள்.

“ரெண்டாம் நம்பர்ல கிருமி கொட்டிக் கிடக்கு,” என்றான் தியோனீசி.

“எனக்கு ரெண்டு சுத்தம்யா. நாலுதான் கொட்டிக் கிடக்கு.”

“உன் மைக்ராஸ்கோப்பு உங்க அப்பா காலத்தது.”

“உன் கண்ணு உங்க தாத்தா காலத்தது.”

சிறிது நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி பேரம் ஆரம்பித்தது. “சரி, ரெண்டுல நான் உனக்கு விட்டுக்கொடுக்கறேன். நாலுல நீ எனக்கு விடு.” கை கொடுத்துக்கொண்டார்கள். பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. இத்தனை நாகரிகமான பேரத்தை நான் மாட்டுச் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

மஃபுருவையும் கூப்பிட்டார்கள். “மூணாவது ஆளா சேர்ந்துக்கோ. வீட்டுலதான் உனக்குக் கதவு சாத்திட்டாங்களே.”

அவன் எழுந்து பாதி தூரம் போனான். நான் என் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது. கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்தது. நடுத்தெருவில் நனைந்துகொண்டே நின்றவன் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தான். நோயாளி உட்காருகிற நாற்காலி.

“என்ன தம்பி, போகலையா?”

“அவங்களைக் கேட்டு எழுதினா அவகிட்ட நான் தோத்த மாதிரி. எழுதாமப் போனாலும் தோத்த மாதிரி. அதனால நானே பார்த்து எழுதித் தோக்கறேன் அண்ணே. வீட்டுல அவ மூஞ்சியப் பார்த்தாவது நிமிர்ந்து நிக்கலாம்.”

“சரி, யார்கிட்டதான் கேப்பே?”

“கேக்கத்தான் ஆள் இல்லையே.” சுற்றிலும் பார்த்தான். மேஜையில் சாயப் பாட்டில் இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “இதைத்தான் கேக்கணும்.”

ஒவ்வொரு நம்பருக்கும் அனெத்தி இரண்டு ஸ்லைடு அனுப்பியிருந்தாள், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. மஃபுரு சாயத்தை வடிதாளில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடித்தான். லென்ஸைத் துடைத்தான். மைக்ராஸ்கோப்பின் மேல் ஈ விழாமல் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டினான். அந்தத் துண்டு என் உபயம். பிறகு நாலாம் நம்பரின் இரண்டாவது ஸ்லைடுக்கு வடித்த சாயத்தை ஏற்றி, காய வைத்து, கண்ணை வைத்தான். காய்ச்சல்காரர்கள் வந்தார்கள், போனார்கள்; நடுநடுவே மறுபடி போய்க் குனிந்தான். என் கடையிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரியும். உழவு மாட்டின் முதுகு மாதிரி இருந்தது, பாரம் இழுக்கிற முதுகு.

சாயங்காலம் வெளியே வந்து சொன்னான். “புள்ளியெல்லாம் போயிடுச்சு அண்ணே. புள்ளி ரத்தத்துல இல்லை, பாட்டில்ல இருந்திருக்கு. நாலு சுத்தம்.”

“நிச்சயமா?”

“நிச்சயம் இல்லை. ஆனா நான் பார்த்தது அதுதான்.” எழுதி, ஒட்டி, பஸ்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மழை விட்டு, கரை மணலில் மறுபடி டகா காய ஆரம்பித்த பிறகுதான் அனெத்தி வந்தாள். அதே பை. அதே வராந்தா. இந்தத் தடவை நான் தேநீர்க்காரன் சாக்கு இல்லாமலே போய் நின்றேன்.

“முதல்ல ஒரு விஷயம்,” என்றாள். “போன தடவை எல்லாருக்கும் ஒரே வரிசை. இந்தத் தடவை நம்பரைக் கலைச்சு அனுப்பினேன். ஒருத்தரோட ரெண்டு, இன்னொருத்தரோட நாலு. அதே ரத்தம்தான், நம்பர் வேற.”

தியோனீசி லுகும்பாவைப் பார்த்தான். லுகும்பா கூரையைப் பார்த்தான்.

“நீங்க ரெண்டு பேரும்,” என்று அவர்கள் பக்கம் திரும்பினாள். “உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கும்னு நினைக்கறேன். ஆளுக்கு ஒண்ணை விட்டுக்கொடுத்து, அதைத் தப்பா எழுதியிருக்கீங்க. வியாபாரம் நல்லா பண்றீங்க. பலகையை இறக்கிடுங்க. பயிற்சிக்கு வாங்க, நானே சொல்லித் தர்றேன்.”

மஃபுரு நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். கைகள் முழங்காலைப் பிடித்திருந்தன.

“மஃபுரு, அஞ்சும் சரி.”

அவன் நம்பவில்லை. “நாலுமா?”

“நாலு சுத்தம். அதுதான் கஷ்டமான ஸ்லைடு. இந்த மாகாணத்துல நிறையப் பேர் அதுல விழுந்திருக்காங்க.” அடுத்த தாளைப் புரட்டினாள். “கொன்சொலாத்தா, அந்த ரத்தம் உங்களுக்கு ரெண்டாம் நம்பர். உங்க லேப்ல கிருமி இருக்குன்னு வந்திருக்கு. மத்த நாலும் சரி. ஒண்ணுங்கிறதால வெளியாள் வர வேண்டாம். காரணத்தை மட்டும் கண்டுபிடிங்க.”

போன வாரம்வரை அவளைத் தூற்றிய ஊர் இப்போது சிரிக்கத் தயாராக நின்றது. கொன்சொலாத்தாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. வியாபாரி கடையில் திருடு எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று தெரிந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதுதான் இருந்தது.

“ஊர்ல வர்ற ரத்தத்துக்கு யார் முறையோ அவங்கதான் பார்க்கறாங்க. இதையும் அப்படித்தான் விட்டேன் மேடம். இதுக்கு மட்டும் ராஜ உபசாரம் பண்ணியிருந்தா அஞ்சும் சரியா வந்திருக்கும். ஓட்டை உள்ளேயே இருந்திருக்கும்.”

அனெத்தி பையை மூடினாள். “இதுக்காகத்தான் பஸ்ல வர்றேன்,” என்றாள்.

ஓட்டை அன்றைக்கே அகப்பட்டது. கொன்சொலாத்தா யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. “எல்லாரும் எப்பவும் போல வேலையைப் பாருங்க, நான் சும்மா நிக்கறேன்” என்று சுவரோரம் நின்றாள். லேப் உதவியாள் ரோபி மாடு மேய்க்கிற வீட்டுப் பெண். புதிதாக வந்தவள், கையில் வலு. சாயம் ஏற்றுகிற நேரம் வந்ததும் பாட்டிலை எடுத்து, பால் சுரைக்குடுக்கையைக் குலுக்குவது போல மார்புயரத்தில் வைத்துக் கணகணவென்று குலுக்கினாள். அடியில் படிந்திருந்த தூளெல்லாம் மேலே வந்து, ரத்தத்தின் மேல் உட்கார்ந்து, கிருமி வேஷம் போட்டது.

“ரோபி, ஏன் குலுக்கற?”

“குலுக்காம எப்படி அக்கா? கெட்டியெல்லாம் அடியிலேயே தங்கிடாதா?”

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோபிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“குலுக்கக் கூடாதுன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?”

“இல்லைக்கா.”

“அப்ப சிரிக்கறவங்கதான் அழணும். சொல்லாம விட்டது நாங்க.” பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி, தடித்த எழுத்தில் எழுதினாள்: ‘இது பால் இல்லை.’ அந்தப் பாட்டிலைப் பார்க்க வார்டிலிருந்து நர்சுகள் கூட்டமாக வந்து போனார்கள். இனி இந்த ஊரில் ஜென்மத்துக்கும் ஒருவரும் சாயத்தைக் குலுக்க மாட்டார்கள்.

அதோடு கொன்சொலாத்தா விடவில்லை. ரோபி வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஸ்லைடுகளையெல்லாம் எடுத்து, தானும் இன்னொருவருமாக, ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லாமல், மறுபடி பார்த்தார்கள். பிறகு பொய்க் கிருமி வந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். டாக்டரிடம் சொன்னாள். மீன்காரியிடம் சொன்னாள். அப்படி ஒரு மத்தியானம் என் கடை வாசலிலும் வந்து நின்றாள்.

“ஷிகாமூ அண்ணே,” என்று பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் சொன்னாள்.

“மரஹபா. வா தங்கச்சி, துணி பார்க்கறியா?”

“அப்புறம் பார்க்கறேன். மழைக்கு முன்னாடி உங்களுக்கு மலேரியான்னு மாத்திரை கொடுத்தோமே, அது மலேரியா இல்லை. எங்க சாயத் தூள். மன்னிச்சுக்குங்க.”

“என்னது! அந்தக் கசப்பை மூணு நாள் விழுங்கினேனே!”

“ஆமாண்ணே.”

“காது ரெண்டும் கொய்ங்குன்னுச்சே!”

“ஆமாண்ணே. இப்ப காய்ச்சல் எதுவும் இல்லையே? இருந்தா வாங்க, வேற என்னன்னு பார்க்கணும்.”

நான் வாழ்நாள் முழுக்க வியாபாரிகளோடு பழகினவன். விற்ற சரக்கில் குறை என்று வாங்கினவன் வந்து கத்துவான். விற்றவன் கூடத் திருப்பிக் கத்துவான். விற்றவனே குறையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்ததை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்தால் எனக்கு எந்த ஜென்மத்தில் தெரிந்திருக்கும்? அந்த நிமிஷத்திலிருந்து அவள் லேப்பில் என் ரத்தத்தைப் பற்றி என்ன சொன்னாலும் நான் நம்புவேன். என் சொந்தக்காரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவள் போகவில்லை. தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவர் வீட்டுல இன்னும் பேசலை,” என்றாள். “அஞ்சும் சரியா வந்ததுல சந்தோஷம்தான். ஆனா எங்க லேப் தப்பைப் பத்திக் கேட்டா நான் சங்கடப்படுவேன்னு கேக்க மாட்டேங்கறார். நம்பர் கலைச்சது எனக்கு முன்னாடியே தெரியும்னு ஊர்ல வேற பேசறாங்க.”

“தெரியுமா?”

“தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அதையும் மறைச்சிருப்பேன். இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணே, ஏதாவது நல்ல வரி இருக்கா?”

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மேல்தட்டில் தூசி பறந்தது. மாம்பழ மஞ்சள் கட்டை இறக்கி, ஒரு ஜோடியைத் தட்டி விரித்தேன். அவள் கரையைப் படித்தாள். உதடு அசைந்தது. மறுபடி படித்தாள்.

“விலை?”

சொன்னேன்.

“ரொம்ப அதிகம். இவ்வளவு தூசியா இருக்கு, யாரும் வாங்காத சரக்குதானே?”

லேப் தலைவியானாலும் எங்கள் ஊர்ப் பெண். சும்மா கொடுத்திருப்பேன்; அவள் பேரம் பேசியதால் விற்க வேண்டியதாகிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் நான் போனபோது மஃபுரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து கொன்சொலாத்தா உகாலிச் சட்டியோடு வந்தாள். மஞ்சள் இடுப்பில் பளிச்சென்று இருந்தது. சட்டியை நடுவில் வைத்துவிட்டு உட்காரவில்லை. கரை எழுத்து நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் திரும்பி நின்றாள்.

மஃபுரு படித்தான். தட்டைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன்.

“துமாம்மா.”

“ம்.”

“நாலாம் நம்பர்ல நீ என்னதான் பார்த்தே?”

அவள் உட்கார்ந்தாள். கையைக் கழுவினாள். உகாலியைப் பிட்டு அவன் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“யாரோட நாலு? என்னோடதா, உங்களோடதா?”